காலிப் பெட்டிக்கு ஆறாம் நாள்

இந்தத் தொடரின் வழியே இந்த வாரம்தான் எங்கள் வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மூன்று பேர். அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் சூப்பர்வைசர். அப்பா அச்சகத்தில் காகிதம் வெட்டும் மிஷினில் இருபத்தாறு வருஷமாக நிற்கிறவர். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் அரைத்து ஃபிரேமில் பொருத்துகிறேன். வாரத்தில் மூன்று நாள் மாலை வகுப்பில் அதே வேலைக்குச் சான்றிதழ் படிப்பும் படிக்கிறேன். மூன்று பேருக்கும் முழுநேர வேலை. இந்த லட்சணத்தில் எனக்கு ஒரு நாய்க்குட்டி வேண்டும்.

கடையில் கண் பரிசோதிக்கிற அக்காவை எல்லோரும் 'டெஸ்டிங் அக்கா' என்போம். அவர் வீட்டு நாய் ஐந்து குட்டி போட்டது. நான்கு போய்விட்டன. ஐந்தாவதை ஒரு மதியம் கூடையில் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு காது மட்டும் பழுப்பு. "கொஞ்சம் பிடி, கையைக் கழுவிட்டு வரேன்" என்று என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனார். அது அப்படியே தூங்கிவிட்டது.

அதற்கு முன் பல மாதங்களாக எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்த்தால் அடுத்தவர் உதடு மாதிரி இருக்குமே, அப்படித்தான் நாள் முழுவதும் இருந்தது. அன்றைக்கு அந்த ஒரு கை மட்டும் என்னுடையதாக இருந்தது.

அதைத்தான் அம்மாவிடம் சொல்ல நினைத்தேன். சொல்ல வராமல், "ஒரு நாய்க்குட்டி வாங்கலாமா?" என்று கேட்டேன்.

"பகல்ல அதை யார் பார்த்துக்குவா? சுவரா?" என்றாள் அம்மா.

நியாயமான கேள்வி. அதனால் ஒரு சோதனை வைத்தேன். ஃபிரேம் வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் பழைய துண்டு விரித்து, என் ஸ்வெட்டரைச் சுருட்டி வைத்தேன். ஒரு வாரத்துக்கு அதுதான் குட்டி. இரண்டு மாதக் குட்டியை இரண்டு மணி நேரத்துக்கு மேல் தனியாக விடக் கூடாது என்று டெஸ்டிங் அக்கா சொல்லியிருந்தார். ஆகவே குறித்த நேரத்துக்கு யாராவது நிஜமாகவே வீட்டுக்கு வந்து, பெட்டியைக் கொல்லைப்புறம் தூக்கிப்போய்ப் பத்து நிமிஷம் வைத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மதியம் பன்னிரண்டரை நான். மூன்றரைக்கு ஷிப்ட் முடிந்து வருகிற அம்மா. காலை பத்தரையும் இரண்டரையும்தான் ஓட்டையாக இருந்தன.

"அது ரெண்டும் நான் பார்த்துக்கறேன்" என்றார் அப்பா.

நான் தாளில் 'அப்பா' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை, ஆறாம் நாள், காலை. அம்மா ஆறு மணிக்கே போய்விட்டாள். நான் தாளைப் படித்துக்கொண்டு நின்றேன். கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன. அம்மாவின் ஐந்து கட்டத்திலும் ஒரே குறிப்பு: 'வந்தேன். நாய் இல்லை.' அப்பாவின் குறிப்புகள் முதல் நாள் 'சரி' என்று தொடங்கி நாளுக்கு நாள் நீண்டிருந்தன. 'கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தேன்.' 'பக்கத்து வீட்டில் சுத்தியல் சத்தம். உள்ளே கொண்டுவந்துவிட்டேன்.' அப்பாவுக்குள் இப்படி ஒரு கிண்டல்காரர் இருந்தாரா என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பையைச் சைக்கிளில் மாட்டினார்.

"இன்னிக்குச் சாயங்காலம் அந்த அக்காவுக்குப் பதில் சொல்லணும்ப்பா."

"ம்."

"ஆறு நாள்ல ஒரு கட்டம்கூடக் காலி இல்ல. அம்மா ஒண்ணும் சொல்ல முடியாது."

"உங்கம்மாவா? முடியும்" என்றார். சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

கடையில் டெஸ்டிங் அக்கா என்னைப் பார்த்ததுமே பிடித்துக்கொண்டார்.

"என்னடி முடிவு? நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வேற ஒரு குடும்பம் வருது. அந்த வீட்டம்மா வீட்லேருந்தே வேலை பார்க்கறாங்களாம். உனக்காகத்தான் இழுத்தடிச்சிட்டிருக்கேன்."

"ராத்திரி எட்டரைக்குள்ள ஃபோன் பண்ணிடறேங்க்கா."

"எட்டரை. எட்டு முப்பத்தஞ்சுன்னா எனக்குப் பதில் தெரியும்னு அர்த்தம்."

முதலாளி அப்போது ஒரு கண்ணாடிக் கூட்டை நீட்டினார். எங்கள் தெருவிலேயே இருக்கும் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டருக்குக் கால் வீங்கியிருக்கிறதாம், கடைக்கு வர முடியாது. "நீயே போய்ப் போட்டுவிட்டு, காது வளைவைச் சரிபண்ணிட்டு வந்துடு. பத்து நிமிஷ வேலை."

போஸ்ட்மாஸ்டர் புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் வீட்டைச் சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். "இவ்வளவு தூசியிலயா இருந்தேன்? பழசையே குடுத்துடும்மா" என்றார். ஸ்க்ரூவை முடுக்கி, மூக்குத் தாங்கியைச் சற்று விரித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். மணி பத்து மூன்று. எங்கள் வீடு நான்காவது கதவு. தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்தேன்.

கொல்லையில் துணிக்கொடிக்குக் கீழே அப்பாவின் சைக்கிள் நின்றது. சாப்பாட்டுப் பை அதிலேயே தொங்கியது.

பின்கதவு பூட்டியிருக்கவில்லை. சமையலறை மூலையில் பெட்டி இல்லை.

பின் அறையில் அப்பா தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். யூனிஃபார்ம் கலையவில்லை. ஷூ இரண்டும் சுவரோரம் ஒட்டினாற்போல் வைக்கப்பட்டிருந்தன. பெட்டி அவர் மார்புக்கு எதிரே இருந்தது. ஒரு கை பெட்டிக்குள், ஸ்வெட்டர் மேல் இருந்தது. தூங்கவில்லை. கண்கள் திறந்தே இருந்தன.

என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. "பத்தரை ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. பத்து அஞ்சு."

"அப்ப இன்னும் இருக்கு" என்றார்.

நான் கதவருகில் உட்கார்ந்தேன். என்ன கேட்க வேண்டும் என்று தெரியவில்லை. அதனால் நேரத்தைக் கேட்டேன்.

"எப்ப வந்தீங்க?"

"எட்டே முக்கால்."

"நேத்து?"

"நேத்தும்."

"அதுக்கு முன்னாடி?"

"நீ பெட்டி வெச்ச நாள்லேருந்து."

"அதுக்கும் முன்னாடி?"

"பஸ் ஸ்டாண்ட்" என்றார். "ஆறாம் நம்பர் நிக்கிற எடத்துல ஒரு பெஞ்ச் இருக்கு. எல்லாரும் வேலைக்குப் போறவங்க. நடுவுல உக்காந்தா நாமளும் போற மாதிரியே இருக்கும்."

அச்சகத்துக்குப் போக சைக்கிளில் இருபத்தைந்து நிமிஷம் ஆகும். அங்கே டீ இடைவேளை பதினைந்து நிமிஷம். பத்தரைக்கு வீட்டுக்கு வந்து, பத்து நிமிஷம் இருந்து, திரும்பிப் போக ஒரு மணி நேரம் வேண்டும். நான் என் நடையை அளந்தேன், ஏழு நிமிஷம். அம்மாவின் பஸ் தாமதத்தைக்கூட அளந்தேன். அப்பாவை மட்டும் அளக்கவில்லை. கூட்டல் தெரிந்த யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அதான்." ஸ்வெட்டரிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். "காகிதத்தைத் தட்டி அடுக்கி உள்ள தள்ளினேன். ரெண்டு பட்டன் இருக்கும்ல, ரெண்டு கையாலயும் ஒரே நேரத்துல அழுத்தினாத்தான் கத்தி இறங்கும். கை உள்ள மாட்டக் கூடாதுன்னு அப்படி. ரெண்டு கையையும் வெச்சேன். அழுத்தல."

"எவ்வளவு நேரம்?"

"நாப்பது நிமிஷம் நின்னேன்னு சொல்றாங்க. எனக்குத் தெரியல. பின்னாடி லோடு தேங்கி நிக்குது, பசங்க கத்தறாங்க, நான் நிக்கறேன். மறுநாளும் அதே. மூணாம் நாள் ஃபோர்மேன் தனியாக் கூப்பிட்டான். பயமா இருக்காண்ணேன்னு கேட்டான். இல்லடான்னேன். பயம்னா பரவாயில்லண்ணே, பயந்தவனை மிஷின்ல விடலாம், உங்களை விட முடியாது, கொஞ்ச நாள் வீட்ல இருங்கன்னு சொல்லிட்டான்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்றது? காய்ச்சல்னா காய்ச்சல்னு சொல்லலாம்."

எனக்குக் கோபம் வர வேண்டும், அல்லது அழுகை வர வேண்டும். காத்துப் பார்த்தேன். வரவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தைக் கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன் என்று மட்டும் தோன்றியது.

"பாப்பா, ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லுங்க."

"அந்தத் தாள்ல நான் எழுதினது எதுவும் பொய் இல்ல. நேரம் தவறாம வெளிய தூக்கிட்டுப் போயிருக்கேன். மூணு வாரத்துல நேரம் பார்த்து நான் செஞ்ச வேலை இது ஒண்ணுதான்."

பத்து இருபத்தெட்டுக்கு எழுந்தார். பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினார். உள்ளே ஸ்வெட்டர்தான் இருக்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் சாய்க்காமல் தூக்கினார். நான் பின்கதவைத் திறந்துவிட்டேன்.

"அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார் கொல்லையில் நின்றபடி.

கடைக்குத் திரும்பினேன். அன்று மதியம் ஒரு ஃபிரேமில் இடது லென்ஸை வலது பக்கம் மாட்டிவிட்டேன். மூன்று வருஷத்தில் முதல் தடவை. முதலாளி அதை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

ஐந்து இருபதுக்கு வீடு. ஆறு மணிக்கு வகுப்பு. அதற்குள் அப்பா சொல்லியிருப்பார், அம்மா கத்தியிருப்பாள், அந்த நாற்பது நிமிஷம் நான் நடுவில் போய் நிற்பேன் என்று நினைத்திருந்தேன்.

அம்மா மேஜை மேல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா எதிர் நாற்காலியில் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்தாச்சா டைம்டேபிள்? உன் நாய் இன்னிக்கு ரொம்பச் சமத்து. மூணரைக்கு வந்து பார்த்தேன், அசையவே இல்ல" என்றாள் அம்மா.

அப்பாவைப் பார்த்தேன். தலையைச் சின்னதாக ஆட்டினார். சொல்லவில்லை என்று அர்த்தம்.

"அப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"இரு. ரெண்டு சட்டைதான் பாக்கி" என்றாள் அம்மா. அப்பாவின் யூனிஃபார்ம் சட்டை ஒன்றை விரித்து, காலரைத் திருப்பி விரலால் தடவினாள். "இருபத்தாறு வருஷமா இந்தக் காலரோட சண்டை. ஆஸ்பத்திரி ரத்தக்கறை போயிடும். இந்தக் காகிதத் தூசி போகாது. மடிப்புல உக்காரும், பாக்கெட் அடியில உக்காரும், வாஷிங் மிஷின் வடிகட்டியில கூழா நிக்கும்." சட்டையை மடித்து அப்பாவின் முன்னால் வைத்தாள். "மூணு வாரமாத் துளி இல்ல."



"தெரியுமா உனக்கு?" என்றார் அப்பா.

"அழுக்குப் பார்க்கிறது என் வேலைங்க."

"அப்ப ஏன் துவைச்சே?"

"பின்னே? துவைக்காம விட்டா, எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சிடுமே."

"கேட்டிருக்கலாம்ல."

"நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன். தினமும் டிபன்பாக்ஸ் குடுத்தேன், வாசல் வரைக்கும் வந்தேன். வேற எப்படிக் கேட்கிறது?"

அப்பா காலையில் என்னிடம் சொன்னதையே அம்மாவிடமும் சொன்னார். இரண்டு பட்டன், நாற்பது நிமிஷம், ஃபோர்மேன். என்னிடம் சொல்லாத ஒன்றும் இருந்தது. திங்கட்கிழமை போய்ப் பார்க்க வேண்டுமாம். மறுபடி மிஷினா, பார்சல் கட்டுகிற பிரிவா, இல்லை மொத்தமாகப் போதுமா என்று ஒரு பதில் கேட்டிருக்கிறார்கள். அம்மா குறுக்கே பேசவில்லை. கேட்டு முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப உன் நாய் விஷயத்துக்கு வரேன். வேண்டாம்."

"அம்மா, இதுக்கும் அதுக்கும்..."

"இருக்கு. இவர் வீட்ல இருக்கிறதாலதான் உன் தாள் நிரம்பியிருக்கு. நாய் வந்தா அது இவருக்கு ஒரு சாக்கு. அப்புறம் இந்த மனுஷன் அந்த வாசலைத் தாண்டவே மாட்டார்."

"வரலைன்னா மட்டும் தாண்டிடுவாரா? பஸ் ஸ்டாண்டுக்குத்தான் தாண்டினார்."

"ஓ, உனக்கு எல்லாம் தெரியும். மூணு வாரமா எதிர்ல உக்காந்து சாப்பிட்டியே, உனக்கு ஏன் தெரியல?"

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன பண்ணீங்க?"

குரல் உயர்ந்திருந்தது. இரண்டு பேருக்குமே. இந்த வீட்டில் கடைசியாக யார் குரலை உயர்த்தினார்கள் என்று யோசித்தேன். தாள் ஒட்டாத விஷயம், அதனால் ஞாபகம் இல்லை.

"நான் இங்கதான் உக்காந்திருக்கேன்" என்றார் அப்பா. "இவர் அவர்னு பேசிட்டிருக்கீங்க."

"அப்ப நீங்க பேசுங்க" என்றாள் அம்மா. "நாய் வேணுமா, வேண்டாமா?"

அப்பா வாயைத் திறந்தார். மூடினார். மிஷின் முன்னாலும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று தோன்றியது.

மணி ஐந்து ஐம்பது. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அந்த நேரத்தில் கிளம்பியது சரியா என்று இப்போதும் தெரியவில்லை. வகுப்பில் வருகைப் பதிவு கறாராக எடுப்பார்கள்.

வகுப்பில் அன்று இரண்டு கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை அளப்பது பற்றிய பாடம். ஸ்கேலை ஒருவர் மூக்கின் மேல் ஒருவர் வைத்து அளந்துகொண்டார்கள். நான் நோட்டின் கடைசிப் பக்கத்தில் புதுக் கட்டங்கள் போட்டேன். அப்பா இல்லாமல்.

நான் கிளம்புவது எட்டரை. திரும்புவது பன்னிரண்டரை. நான்கு மணி நேரம். மறுபடி ஒரு மணியிலிருந்து மூன்றரை. இரண்டு மாதக் குட்டி, பூட்டிய வீடு. அந்தத் தாளைப் பார்த்து ஆமாம் என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்த பக்கத்தில் அப்பாவோடு போட்டேன். எல்லாக் கட்டமும் நிறைந்தது. ஆனால் அது நிறைந்திருக்க வேண்டுமென்றால் அப்பா குணமாகாமல் இருக்க வேண்டும். ஒரு நாய்க்குட்டிக்காக நான் அதை விரும்பவேண்டிவரும். பக்கத்தைக் கிழித்துப் பையில் போட்டேன்.

எனக்கு வேண்டும் என்பதை எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை. எழுத இடம் விடவில்லை.

எட்டு ஐந்துக்கு வீட்டுக்கு வந்தேன். இரண்டு பேரும் சாப்பிடாமல் இருந்தார்கள். சண்டை போட்ட அடையாளம் இல்லை, சமாதானம் ஆன அடையாளமும் இல்லை. அம்மா சாப்பாடு எடுத்து வைத்தாள்.

"வேண்டாம்னு சொல்லிடப் போறேன்" என்றேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "யோசிச்சியா?"

"யோசிச்சேன். நாலு மணி நேரம் தனியா இருக்கும். அது பாவம்."

"ம்" என்றாள். ஜெயித்த மாதிரி இல்லை.

கைப்பேசியில் டெஸ்டிங் அக்கா எண்ணை அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் குட்டி கீச்சென்று கத்துவது கேட்டது. "ஏய், செருப்பை விடு... சொல்லுடி!" என்றார்.

"அக்கா, நாங்க யோசிச்சுப் பார்த்தோம்..."

அப்பா கையை நீட்டினார். சாப்பிட்ட கை அல்ல, இடது கை. ஏன் கொடுத்தேன் என்று தெரியவில்லை. கொடுத்துவிட்டேன்.

"நான் இவளோட அப்பா பேசறேம்மா... ஆமா... இல்ல, ஒரு விஷயம் சொல்லணும். பகல்ல நான் வீட்லதான் இருக்கேன். எத்தனை நாளைக்குன்னு தெரியாது. ஒரு மாசமோ, ஒரு வருஷமோ. திங்கக்கிழமையே போனாலும் போயிடுவேன். இதை மறைச்சு வாங்கிட்டுப் போகக் கூடாதுன்னு சொல்றேன்... இல்லம்மா, வளர்த்ததில்ல... வேணுமான்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலம்மா. ஒரு தடவை பார்க்கலாமா? வாங்க இல்ல. பார்க்க." நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சரி... மூணு பேருமா?... சரிம்மா."

கைப்பேசியை மேஜை மேல் வைத்தார்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் அம்மா.

"காலைல எட்டு மணிக்கு வரச் சொல்றாங்க. மூணு பேரும் வரணுமாம். ஒவ்வொருத்தர் கையிலயும் குடுத்துப் பார்ப்பாங்களாம். அதுல ஒருத்தர் வேண்டாம்னு சொன்னாலும் அது ஒன்பது மணிக்கு வர்றவங்களுக்குப் போயிடும்."

"எனக்கு ஆறரைக்கு ஷிப்ட்."

"தெரியும்."

"நாளைக்கு ரெண்டு வார்டு படுக்கைவிரிப்பு மொத்தமும் வருது."

"சரி."

அப்பா எழுந்து தட்டைக் கழுவப் போனார். அம்மா அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் சேர்ந்த பத்தொன்பது வருஷத்தில் அம்மா திடீர் லீவு எடுத்ததில்லை. நான் பிறந்தபோது எடுத்த விடுமுறை வேறு வேலையில். இங்கே லீவு கொடுப்பவள் அவள்தான்.

"எப்படிக் கேட்கிறது?" என்றாள் என்னிடம், மெதுவாக.

"என்னத்தை?"

"லீவை. என்கிட்டக் கேட்கிறவங்க என்னென்னவோ சொல்வாங்க. பாட்டி செத்துட்டாங்கம்பாங்க. ஒருத்திக்கு இதுவரைக்கும் நாலு பாட்டி போயாச்சு. நான் என்ன சொல்றது? நீதான் எழுதுவியே, எழுதிக் குடு. அப்படியே படிச்சிடறேன்."

தாளை எடுத்தேன். 'தவிர்க்க முடியாத சொந்தக் காரணத்தால் நாளை வர இயலாது' என்று எழுதினேன். அம்மா வாங்கிப் பார்த்தாள்.

"இதை யாராவது என்கிட்டச் சொன்னா நான் நம்ப மாட்டேன்" என்று திருப்பித் தந்தாள். சலவைப் பிரிவு மேலாளர் எண்ணைத் தானே அழுத்தினாள். நாற்காலியில் நேராக உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் பேசுகிற குரலில் பேசினாள்.

"சார், நான்தான். நாளைக்கு என்னால வர முடியாது... இல்ல சார், எனக்கு நல்லாத்தான் இருக்கு." சமையலறைத் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "என் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்ல... மூணு வாரமா."

தண்ணீர் சத்தம் நின்றது.

"காய்ச்சல் எல்லாம் இல்ல சார். என்னன்னு தெரியல... எனக்குத் தெரியும் சார், நான்தான் யார்கிட்டயும் சொல்லல... ஆமா, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும். நாளைக்கு இல்ல. நாளைக்கு வேற எடத்துக்குப் போறோம்."

வைத்துவிட்டாள்.

அப்பா ஈரக் கையோடு வந்து நின்றார். எதிர் நாற்காலிக்குப் போகாமல் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அதில் மடித்த துணி இருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டார்.

"அழுகை வருதா?" என்று கேட்டாள் அம்மா. ஜுரம் இருக்கிறதா என்று கேட்பதைப் போல.

அப்பா கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். "வரல."

"எனக்கும் வரல." என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன்.

"சரி, நாளைக்கு அதைக் கையில குடுக்கறாங்க. அப்பவும் மூணு பேருக்கும் ஒண்ணும் வரலைன்னா?"

அது அம்மாவுக்கே பதில் தெரியாத கேள்வி. எனக்கும் தெரியவில்லை. அந்த மதியம் என் கைக்கு வந்தது இன்னொரு முறை வரும் என்று யார் சொன்னார்கள்?

"எட்டு மணிக்குத் தெரிஞ்சிடும்" என்றார் அப்பா.